கேட்கும் இடத்திலிருந்து

பழைய ஆம்ப்ளிஃபையரின் பக்கத்தில் நின்று வால்யூம் குமிழைத் திருப்பும்போது ஒன்று கேட்கிறது. நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தால் வேறொன்று. ஒரு ஸ்பீக்கர் நெருங்கியும் மற்றது விலகியும் இருக்கிற இடத்தில் நின்றுகொண்டு அளவைச் சரிபார்க்க முடியாது. ரிமோட்டைச் சோம்பலுக்கான கருவி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காது இருக்கும் இடத்துக்கே கையையும் அது கொண்டுவந்து சேர்க்கிறது.

*

பழைய ஆம்ப்ளிஃபையருக்கு ரிமோட் சேர்க்க வழிகள் உண்டு. 0.5 டெசிபல் படிகளில் ஏறி இறங்கும் பிஜிஏ2311 போன்ற ஐசி. ரிலேக்களும் ரெசிஸ்டர்களும் அடுக்கிய போர்டு. நான் தேர்ந்தது மோட்டார் பொருத்திய வால்யூம் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்). பழைய பாட் எத்தனை கிலோ ஓமோ அதே அளவில், அதே இடத்தில், அதே குமிழோடு. உள்ளே ஒரு சிறு கிளட்ச் இருப்பதால், மோட்டார் ஓடும்போது யாராவது குமிழைப் பிடித்தாலும் எதுவும் உடையாது. மோட்டார் வழுக்கிக்கொண்டு விட்டுக்கொடுக்கும். வீட்டில் ரிமோட்டைத் தேடாமல் நேரே போய்க் குமிழைத் திருப்புகிறவருக்கும் பழைய உரிமை அப்படியே இருக்கிறது.

*

இந்தப் பொட்டென்ஷியோமீட்டரின் கரித்தடம் சீரானதல்ல. குமிழ் பாதித் தூரம் சுற்றியிருக்கும்போது வெளியே வருவது உள்ளே வந்த மின்னழுத்தத்தில் சுமார் 10 முதல் 15 சதவீதம்தான். காது விகிதத்தால் அளக்கிறது என்பதே காரணம். சத்தம் இரு மடங்கானதாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குத் தேவைப்படும் மின்திறனோ பத்து மடங்கு. மனிதச் செவியின் இயல்பைக் கரிப்படலத்தில் யாரோ பொறுமையாக இழைத்து வைத்திருக்கிறார்கள். அதை நினைக்கும்போது நன்றியே தோன்றுகிறது.

*

ரிமோட்டின் நுனியிலிருந்து வருவது பொதுவாக 940 நானோமீட்டர் ஒளி. நம் கண்ணுக்கு எட்டாதது. வெயிலிலும் குண்டு பல்பிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. அத்தனைக்கும் நடுவே, நொடிக்கு 38,000 முறை துடிக்கும் ஒளியை மட்டும் பிரித்தெடுக்கிறது டிஎஸ்ஓபி1738 என்ற மூன்று கால் உறுப்பு. சென்னை ரிச்சி தெருவில் சாதாரணமாகக் கிடைக்கும். என்இசி என்ற ரிமோட் குறியீட்டு முறையில் ஒவ்வொரு கட்டளையும் இருமுறை வருகிறது: ஒருமுறை உள்ளபடி, மறுமுறை சுழியமும் ஒன்றும் இடம் மாறி. குறியைப் படித்து மோட்டாரை இயக்கும் மைக்ரோகண்ட்ரோலர், இரண்டும் பொருந்தினால்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பொத்தானை அழுத்தியே வைத்திருந்தால், சுமார் 110 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ‘இன்னும்’ என்பதாக ஒரு சிறு குறி வருகிறது. விரலை எடுத்ததும் ‘நிறுத்து’ என்று எதுவும் வருவதில்லை. அடுத்த குறி வராததைக் கவனித்து, 150 மில்லிசெகண்ட் போலப் பொறுத்து, மைக்ரோகண்ட்ரோலர்தான் மோட்டாரை நிறுத்த வேண்டும். நிரல் முழுவதிலும் நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது இந்தச் சிறு காத்திருப்பின் மேல்தான். குறைந்தால் மோட்டார் திக்கித் திக்கி ஓடும். கூடினால் விரும்பிய இடத்தைத் தாண்டிவிடும்.

*

ஆம்ப்ளிஃபையரைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அது வடியும்வரை கை வைக்கக்கூடாது. மோட்டாரின் இரு முனைகளுக்கு நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். மோட்டாருக்குத் தனி 5 வோல்ட் சப்ளை. அதன் ஒயர்கள் ஒலி செல்லும் ஒயர்களை விட்டு விலகியே போக வேண்டும். அளவை மாற்றும் வேலை இசையின் மேல் இரைச்சலாக விழக்கூடாது.

*

இந்தச் சுற்றில் ‘இவ்வளவு போதும்’ என்று அறியும் பாகம் எதுவும் கிடையாது. மோட்டாருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியாது. ரிமோட்டுக்கு ஒலியே கேட்காது. குமிழ் சுழல்கிறது, அறையில் ஒலி மாறுகிறது, காது கேட்கிறது, விரல் விடுகிறது. அங்கேதான் சுற்று நிறைவடைகிறது. பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் யாரோ பேசத் தொடங்கினால் ஒலியைத் தணிப்பதும் இதே சுற்றின் வேலைதான். ‘போதும்’ என்று அறியும் அந்தப் பாகத்தைக் கடையில் வாங்க முடியாது. கேட்கிறவரே அதுவாக இருக்க வேண்டும்.