தட்டில் ஏறிய கறி, ஏறாத பெயர்

ஓர் உணவுக்கு மரியாதை வந்துவிட்டால், அதை ஆக்கித் தந்த கைக்கும் மரியாதை வந்துவிடுமா? வந்துவிடும் என்றுதான் பலரும் நம்புகிறோம். 'ருசிக்கு ஏது சாதி' என்ற பேச்சு அந்த நம்பிக்கையில் பிறந்ததே. கொரியாவின் மேல்தட்டு உணவகங்களை முன்வைத்து இதைக் கொஞ்சம் யோசிப்போம்.

சியோலிலும் நியூயார்க்கிலும் கொரிய 'டேஸ்டிங் மெனு' உணவகங்கள் இன்று பேர்போனவை. அங்கே போய் இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்க முடியாது. சமையற்காரர் தீர்மானித்த வரிசையில், ஒரு வாய் இரண்டு வாயாகத் தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். கூடவே கதையும் வரும். நியூயார்க்கில் 2018இல் தொடங்கிய ஆட்டோமிக்ஸ் உணவகத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு விளக்க அட்டையே தருகிறார்கள். ஆக, அங்கே கொடுக்கும் காசு சோற்றுக்கு மட்டுமல்ல, ஞாபகத்துக்கும் சேர்த்துத்தான்.

யாருடைய ஞாபகம்? அரண்மனைச் சமையல், யாங்பான் என்ற மேட்டுக்குடி வீட்டுச் சமையல், பௌத்த மடத்துச் சமையல் ஆகியவை பெருமையோடு சொல்லப்படுகின்றன. சரி, ஹான்வூ என்ற நாட்டு மாட்டின் கறி தட்டில் வரும்போது?

மாட்டை அறுத்தவர்கள் பேக்ஜொங் மக்கள். ஜோசோன் மன்னராட்சியில் அவர்களுக்குத் தனிக் குடியிருப்பு. பட்டு உடுத்தக்கூடாது. சாதாரணக் குடியானவன் வீட்டுச் சிறுபிள்ளையிடமும் பணிந்துதான் பேசவேண்டும். 1894இல் சட்டம் இதை ஒழித்தது. ஒழித்தது சட்டத்தில்தான். அதன்பின்னும் குடிப்பதிவேட்டில் அவர்களுக்குத் தனி அடையாளம் இடப்பட்டது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவு அடைக்கப்பட்டது. 1923 ஏப்ரலில் ஜின்ஜு நகரில் அவர்கள் ஹியோங்பியோங்சா என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். 'ஹியோங்' என்றால் தராசு. கறி நிறுத்துப் போட்ட சனம் தராசையே சமத்துவத்தின் பெயராக்கியது.

அதை எதிர்த்து அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மாட்டுக்கறி வாங்கமாட்டோம் என்று கிளம்பினார்கள். நேற்றுவரை நாக்கைச் சப்புக்கொட்டித் தின்ற அதே கறி. அறுத்தவன் 'நானும் மனுசன்தான்' என்று சொன்னதும் தொண்டைக்குள் இறங்க மறுத்துவிட்டது.

ருசிக்குச் சாதி இல்லை என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லவேண்டும். கறியை யாரும் எந்நாளும் வெறுக்கவில்லை. கை வாய்திறக்காத வரைக்கும் நாக்கு அதைச் சகித்துக்கொண்டது, அவ்வளவுதான். பச்சை மாட்டுக்கறியை மேலே வைத்துத் தரும் பிபிம்பாப் சோற்றுக்கு இன்றைக்கும் ஜின்ஜு பேர்போன ஊர்.

'சாப்புடுற எடத்துல எதுக்குப்பா இந்தப் பழங்கதை?' என்று கேட்கலாம். தெருவோரக் கடையில் கேட்டால் நியாயம். அங்கே யாரும் கதை விற்பதில்லை. கதையையும் சேர்த்து விற்கிற இடத்தில் ஒன்றை விட்டுவிடுவது மறதி ஆகாது. அது தேர்வு.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இன்று கொரியாவில் யாரையும் காட்டி 'இவர் பேக்ஜொங்' என்று சொல்ல முடியாது. 1950-53 போரில் ஊர்கள் சிதறின, சனம் இடம்பெயர்ந்தது, அடையாளம் கரைந்தது. கறி சுடும் கடைகளின் பெயர்ப்பலகையில்கூட அந்தச் சொல் இன்று சாதாரணமாகத் தொங்குகிறது. மறைந்து பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளை எதற்காக வெளியே இழுக்கவேண்டும்?

இழுக்கவேண்டாம். மறைவது அவர்கள் உரிமை. ஆனால் மறைந்தால்தான் மனுசனாக வாழமுடியும் என்றிருந்தால் அதற்குப் பெயர் விடுதலை இல்லை. கேட்டு வாங்க ஆள் இல்லை என்பதால் கடன் தீர்ந்துவிடுமா? பேரன் யாரென்று சொல்லவேண்டாம். பாட்டன் நடத்திய போராட்டத்தைச் சொல்லலாம். அரசனின் நாக்குக்கு எது பிடித்தது என்று எழுத இடமுள்ள அட்டையில் 'ஜின்ஜு, 1923' என்று எழுதவும் இடம் இருக்கும். அதைப் படித்த பிறகும் அந்தக் கறி ருசிக்கிறதா என்பதைச் சாப்பிடுகிறவர்கள்தான் சொல்லவேண்டும்.