நிழல் ஒரு பொருளா?

கும்பகோணத்தை அடுத்த திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோவில் மதிலில் ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. அரைவட்டமாய்க் கல், நடுவில் உலோக முள். வெயில் அடித்தால் மணி சொல்லும். மேகம் மூடினால் வெறும் சுவர்.

அங்கே மணி சொல்வது கல்லல்ல, முள்ளும் அல்ல. நிழல். அப்படியென்றால் நிழல் என்று ஒன்று இருக்கிறதா?

இதைப் பற்றி இந்தியத் தத்துவவாதிகள் சளைக்காமல் சண்டையிட்டிருக்கிறார்கள். நிழலும் இருள்தானே. அந்த இருள் ஒரு திரவியம், அதாவது பொருள் என்றனர் குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள். அது கறுப்பாக இருக்கிறது, நகர்கிறது. நிறமும் அசைவும் பொருளுக்குத்தானே உண்டு என்பது அவர்கள் வாதம். வைசேஷிகர்கள் ஒப்பவில்லை. நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம், காலம், திசை, ஆன்மா, மனம் என ஒன்பதுதான் திரவியம். இருள் என்பது ஒளி இல்லாமை, அவ்வளவே. குடை பிடித்தவர் நடக்கிறார், ஒளி படாத இடம் மாறுகிறது, நாம் நிழல் நடப்பதாகச் சொல்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், ஒன்பதில் ஒன்றான காலத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. பட்டியலிலேயே இடம் கிடைக்காத நிழல்தான் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

பிள்ளைகளோடு ஒரு கடிகாரம் செய்தால் இந்த வழக்கு வீட்டு வாசலுக்கே வந்துவிடும். வட்ட அட்டையின் நடுவில் பென்சிலைச் செங்குத்தாகச் செருக வேண்டும். இருபுறமும் 15 பாகைக்கு ஒரு கோடு, மணிக்கு ஒன்றாக. பென்சிலின் முனை வடக்கு நோக்கி, ஊரின் அட்சரேகை அளவுக்கு உயர்ந்திருக்க வேண்டும்: மதுரைக்கு ஏறத்தாழ 10 பாகை, சென்னைக்கு 13. பென்சில் இப்போது பூமியின் அச்சுக்கு இணை. அதனால்தான் கோடுகள் சமமாக அமைகின்றன. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நிழல் அட்டையின் வடக்கு முகத்தில் விழும், மற்ற மாதங்களில் தெற்கு முகத்தில்.

கைக்கடிகாரத்தோடு ஒத்துப்பார்க்கும் பிள்ளை உடனே குற்றம் சாட்டும். கோயம்புத்தூரில் நிழல் உச்சிப்பொழுதைக் காட்டும்போது கடிகாரத்தில் நவம்பர் தொடக்கத்தில் 12:06, பிப்ரவரி நடுவில் 12:36. பிழை நிழலுடையது அல்ல. நம் கடிகார நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. கோவை அதற்கு மேற்கே இருக்கிறது. போதாததற்குச் சூரியனும் ஆண்டு முழுக்க ஒரே சீராக வருவதில்லை.

இஸ்லாமியச் சட்டம் இந்த ‘இல்லாமை’யை நம்பியே தொழுகைக்கு நேரம் குறித்திருக்கிறது. உச்சியில் இருந்த நிழலை விட, பொருளின் உயரம் அளவுக்கு நிழல் கூடிவிட்டால் பிற்பகல் தொழுகையான அஸருக்கு நேரம் வந்துவிட்டது என்பார்கள் ஷாஃபி சட்டப் பிரிவினர். இரு மடங்கு கூட வேண்டும் என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் கருத்து. டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலில் நேரம் கணிப்பவராக இருந்த இப்னு அல்-ஷாதிர், அதன் மினாராவுக்கு 1371-இல் ஒரு சூரியக் கடிகாரமே செய்து கொடுத்தார்.

வழக்கில் வைசேஷிகர் பக்கமே நியாயம். ஆனால் நகரும் நிழலைத் துரத்தி மிதிக்கும் பிள்ளையிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. அது பிறவி மீமாம்சகர். ஏப்ரல் 24-ஐ ஒட்டிய நாள்களில் சென்னையில் நண்பகல் 12:07 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்போது மொட்டைமாடியில் ஒரு தம்ளரைக் கவிழ்த்து வைத்து, நிழல் எங்கே போனது என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள்.