மரநாயின் மேல் போட்ட பழி



உங்கள் வீட்டு முற்றத்திலும் நாலைந்து கோழிகள் மேயக்கூடும். முட்டைக்காகவும் கறிக்காகவும் வளர்க்கிறோம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால், கோழி வளர்ப்பவனுக்கு அவற்றால் இன்னொரு பயனும் உண்டு. சில வேளைகளில் அவை அவனை அவனுக்கே காட்டிக் கொடுத்துவிடும். எனக்கு அப்படி நேர்ந்தது.

முதலில் அடைக்கோழியைப் பாருங்கள். 21 நாட்கள் அது முட்டைகளை விட்டு அதிகம் விலகாது. தீனுக்கும் தண்ணீருக்கும் இறங்கினாலும் அவசரமாகக் கொத்தித் தின்றுவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்ளும். முட்டைகளை அலகால் அடிக்கடி புரட்டிவிடும். புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிப் பழுதாகிவிடலாம். இதை அதற்கு யாரும் படிப்பித்ததில்லை. பொரிக்கும் நாள் நெருங்க, முட்டைக்குள்ளிருந்தே குஞ்சு கீச்சிடும். தாய் மெல்லிய குரலில் மறுமொழி கொடுக்கும்.

சேவலின் கதை சற்று வேறு. ஒரு புழுவைக் கண்டால் அது தான் தின்னாமல், ஒரு தனிக் குரலெழுப்பிப் பேடுகளைக் கூப்பிடும். பேடு ஓடிவந்து தின்னும். என்ன பெருந்தன்மை என்று நாம் வியப்போம். ஆனால் சில நேரங்களில் சேவலின் முன் தின்பதற்கு ஒன்றுமே இராது. இருந்தும் அதே குரலிற் கூப்பிடும். பேடு தூரத்தில் நிற்கும்போதே இந்த வெறுங்கூப்பாடு அதிகம் என்று, பறவைகளின் குரல்களை ஆராய்ந்த பீற்றர் மார்லரும் அவருடைய துணை ஆய்வாளரும் 1988இல் எழுதினார்கள்.

சேவல் பொய் சொன்னால் அதைக் குற்றம் என்போமா? அதற்கு மனச்சாட்சி இல்லை. மனச்சாட்சியுள்ள நான் செய்ததைக் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு செந்நிறச் சேவல் நின்றது. பிள்ளைகள் அதற்கு ‘ராசா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பொழுதுபடக் கோழிகளைக் கூட்டில் அடைத்துக் கொண்டி போடுவது, அப்போது ஒன்பது வயதாயிருந்த மூத்த மகளின் பொறுப்பு. நத்தாருக்கு மறுநாள் மைத்துனர் குடும்பம் விருந்துக்கு வருவதாயிருந்தது. கையில் காசு தட்டுப்பாடு. பிள்ளைகள் எழும்புமுன், விடியப்புறத்தில் நான் கூட்டைத் திறந்து ராசாவைப் பிடித்துக் கொண்டுபோய் அறுப்பித்துவிட்டேன்.

காலையில் மகள் வெறுங்கூட்டைக் கண்டு ஓடிவந்தாள். அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. “இரவு மரநாய் கொண்டுபோட்டுது, பிள்ளை” என்றேன். கறி, சந்தையில் வாங்கிய கோழி ஆயிற்று. சின்னவர்கள் அழுதுவிட்டு மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டார்கள். மூத்தவள் மட்டும் அழவில்லை, சாப்பிடவுமில்லை. இரண்டு நாளில் மறந்துவிடுவாள் என்று நான் நினைத்தேன்.

ஒரு மாதம் சென்றிருக்கும். ஓர் இரவு அவளைப் படுக்கையிற் காணாமல் தாய் தேடிப் போனாள். பிள்ளை ரோச் லைற்றுடன் கூட்டடியில் நின்றாள். கேட்டபோது, “அண்டைக்கு நான் கொண்டி போட மறந்திட்டன், அம்மா. அதாலைதான் ராசா போனவன். இனி ஒண்டும் போகக் கூடாது” என்றாளாம். ஒவ்வோர் இரவும் அவள் எழும்பிப் போய்க் கொண்டியைத் தொட்டுப் பார்த்து வந்திருக்கிறாள்.

வாசகர்களே, அந்தக் கொண்டியை அன்று கழற்றியவன் நான். அது இறுக்கமாகப் போடப்பட்டிருந்தது என்பது இந்த உலகில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

வளர்த்த கோழியை அறுப்பது சரியா பிழையா என்று சிலர் கேட்பார்கள். அது நல்ல கேள்விதான். ஆனால் என்னை வாட்டியது வேறொரு கேள்வி. பிறருடைய மனம் நோகாதிருக்கச் சொல்லும் சிறிய பொய், பொய்யாகுமா?

இது இன்று நேற்று எழுந்த கேள்வியன்று. புனித அகுஸ்தீனார் பொய்யைப் பற்றியே இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று ஏறத்தாழ 395இல், மற்றது 420 அளவில். இரண்டாவதில் இப்படியொரு நிலைமையை எடுத்துப் பேசுகிறார். தகப்பன் கடும் நோயிற் கிடக்கிறார். மகன் இறந்துபோனான், அது அவருக்குத் தெரியாது. மகன் இருக்கிறானா என்று அவர் கேட்கிறார். உண்மை அவருடைய உயிரையே கொண்டுபோகலாம். என்ன சொல்வது? இந்தக் கேள்வி தம்மை உலுக்குகிறது என்பதை அகுஸ்தீனார் மறைக்கவில்லை. இருந்தும், பொய் சொல்லலாம் என்று அவர் இசையவில்லை.

நம் வள்ளுவரோ சற்றே கதவைத் திறந்து வைக்கிறார். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது அவர் கருத்து. நம்மிற் பலர் இந்தக் கதவால் நுழைந்து தப்பிக்கப் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் நுழைந்தேன். ஆனால் அவர் வைத்த நிபந்தனையை வாசலிலேயே விட்டுவிட்டேன். என் பொய்யால் விளைவது குற்றமற்ற நன்மைதானா என்பதை நான் எப்படி அறிவேன்? மரநாயின் மேல் பழி போட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று எண்ணினேன். அந்தப் பழி மரநாயின் மேல் நிற்கவில்லை. வீட்டில் மிகவும் நேர்மையான பிள்ளையைத் தேடிப் போய் அவளுடைய தலையில் ஏறிக்கொண்டது.

இன்னுமொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்பதற்காகவா பொய் சொன்னேன்? இல்லை. அவளுடைய கண்ணீருக்கு முன்னால் நிற்க எனக்கு மனமில்லை. அவ்வளவுதான்.

பெற்றோரே, நாம் மறைத்து வைக்கும் இடங்களைப் பிள்ளைகள் வெறுமையாக விட்டுவைப்பதில்லை. தங்கள் குற்றத்தால் அவற்றை நிரப்பிக்கொள்கிறார்கள். தாயும் தகப்பனும் பேசாமலிருந்தால், ‘நான் படிக்காததால்தானோ’ என்று எண்ணுகிறார்கள். வீட்டில் காசில்லாததை மறைத்தால், ‘நான் கேட்ட சட்டையால்தானோ’ என்று எண்ணுகிறார்கள். எல்லாவற்றையும் எல்லா வயதிலும் சொல்லிவிடத்தான் வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. “இப்போது சொல்ல முடியாது, உன்னில் ஒரு பிழையுமில்லை” என்று சொல்லலாம். அது பொய்யன்று. அதைக் கேட்ட பிள்ளை நிம்மதியாக நித்திரை கொள்ளும்.

அந்த இரவின் மறுநாள் மகளைக் கூட்டடிக்கு அழைத்துப்போய் நடந்ததைச் சொன்னேன். கோபிப்பாள், ராசாவை நினைத்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நெடுநேரம் பேசாமல் நின்றுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அப்ப, நான் கொண்டி போட்டனானோ, அப்பா?”

“போட்டிருந்தாய், பிள்ளை. நல்லா இறுக்கிப் போட்டிருந்தாய்.”

அதன் பிறகுதான் அவள் அழுதாள். ஒரு மாதமாகத் தேக்கி வைத்திருந்த அழுகை அது.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கோழியை அறுப்பதாயிருந்தாலும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவோம். சில வேளைகளில் அழுவார்கள். சில வேளைகளில் அவர்களுடைய மன்றாட்டுக்காக அதை விட்டுவிட்டுப் பருப்பும் கீரையும் சமைத்திருக்கிறோம். விருந்தினர் யாரும் அதனாற் குறை சொன்னதில்லை.

சேவல் கூவக் கேட்டுத் தம் பொய்யை நினைந்து அழுதவர் இராயப்பர். எங்கள் முற்றத்தில் இன்று வேறு சேவல் கூவுகிறது. அந்தக் குரலைக் கேட்கும் விடியற்காலைகளில் நான் எழுந்து போய், கூட்டின் கொண்டியை ஒருமுறை தொட்டுப் பார்ப்பதுண்டு.