வதந்தியை வரவு வைக்கலாமா?

கடை நடத்தும் நமக்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. "இன்னார் உங்களுக்கு நூறு வெள்ளி பாக்கி" என்று ஒருவர் வந்து சொன்னால், சொன்னவர் எத்தனை பெரியவராயினும் சிட்டையைப் பாராமல் பேரேட்டில் ஏற்றமாட்டோம். நூறு வெள்ளிக்கு இத்துணை எச்சரிக்கை காட்டும் நாம், ஒரு சமூகத்தாரின் மானத்தையும் உயிரையும் பற்றிய பேச்சை மட்டும் காதில் விழுந்தவுடன் மெய்யெனக் கொள்வது எங்ஙனம் நியாயமாகும்?

கம்போங் மேடானில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. 2001ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில், பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய இந்தக் குடியிருப்புப் பகுதியில் ஒரு வீட்டில் கல்யாண விருந்து. பக்கத்தில் ஒரு வீட்டில் இழவு. அங்கே எழுந்த தகராறு, வதந்தியும் சேர்ந்துகொள்ள, சில நாட்களில் மலாய்க்காரருக்கும் இந்தியருக்கும் இடையே இனக் கலவரமாக மூண்டது. ஆறு பேர் மாண்டனர். பலர் வெட்டுக் காயங்களுடன் ஆஸ்பத்திரி சேர்ந்தனர். அடிபட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர். இனப்பகை எதிரே வருகிறவனின் பெயரையும் தொழிலையும் விசாரிப்பதில்லை; அது முகத்தையும் நிறத்தையும் மட்டுமே பார்க்கிறது.

அதற்குப் பின் நடந்ததும் நினைவிற்கொள்ளத் தக்கது. 2006இல் மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தில் இன உறவுப் பாடத்திற்கென வெளியான நூலொன்று, கம்போங் மேடான் சம்பவத்தின் பழியை இந்திய இளைஞர்கள் மீது சுமத்தியிருந்தது. கண்டனம் எழுந்தது. அவ்வாண்டு ஜூலையில் அமைச்சரவை அந்நூலை மீட்டுக்கொள்ளச் செய்தது. பிறகு தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷம்சுல் அம்ரி பஹாருடீன் தலைமையில் புதிய பாடநூல் உருவாகி 2007இல் வந்தது. அதே 2007இல், இக்கலவரம் குறித்து கா. ஆறுமுகம் தமிழில் எழுதிய 'மார்ச் 8' என்னும் நூல் தடை செய்யப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? பல்கலைக்கழகத்தில் அச்சானது என்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. எழுதியதைப் பிறர் தட்டிக் கேட்கவும், ஆதாரம் காட்டித் திருத்தவும் வழி இருந்தால்தான் அது கல்வியாகும்.

அன்று நம்மவர் கேட்டது ஒன்றே: "சிலர் செய்ததை ஓர் இனத்தின் தலையில் கட்டாதீர்கள், ஆதாரம் காட்டுங்கள்." நமக்கு வேண்டிய இந்த நிறைகல்லைப் பிறருக்கும் வைக்கிறோமா என்பதே இப்போதுள்ள கேள்வி.

யூதர்களை எடுத்துக்கொள்வோம். பினாங்கில் யஹூதி சாலை என ஒன்று இருந்தது, பெயர் மாறிவிட்டது, பழைய யூத மயானம் மட்டும் அங்கே இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு யூதரோடு பேசியதில்லை. எனினும் யூதர் என்றால் சதிகாரர் என்று நம்மிடையே சர்வசாதாரணமாகப் பேசுகிறோம். இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது? யூதப் பெரியார்கள் கூடி உலகை ஆளத் திட்டமிட்டதாகக் கூறும் நூலொன்று ரஷ்யாவில் பிறந்து பல மொழிகளில் பரவியது. அது 1864இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு நூலிலிருந்து திருடிப் புனையப்பட்ட பொய் என 1921இலேயே இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுக் காட்டிற்று. பொய் நிற்கவில்லை. ஹிட்லரின் ஆட்சியில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர்.

இப்பகையை ஆராயவென்றே பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1982இல் ஒரு மையம் நிறுவப்பட்டது. ஒரு பொய் எங்கே பிறந்தது, யார் அதனால் இலாபமடைந்தனர், எவ்வழி பரவியது என்று பார்ப்பதே அத்தகைய ஆராய்ச்சியின் வேலை. 2008இல் அந்த மையம் யூதர் மீதான பகையையும் முஸ்லிம்கள் மீதான பகையையும் ஒப்பிட்டு ஒரு மாநாடு கூட்டியது. அங்கே சிலர் அதைக் கடுமையாகக் கண்டித்தனர். ஆயினும் நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு. யூதரைத் தூற்றிய அதே அச்சில் இன்று நம்மையும் வார்க்கிறார்கள்.

"பலஸ்தீனத்தில் நடப்பதை மறக்கச் சொல்கிறீர்களா?" என்று சகோதரர்கள் வினவலாம். இல்லை. அங்குள்ள அநீதியை ஓங்கி உரைப்பது நம் கடமை. ஓர் அரசின் செயலைக் கண்டிப்பது வேறு. யூதராய்ப் பிறந்த ஒவ்வொருவரையும் குற்றவாளியாக்குவது வேறு. முன்னது நீதி, பின்னது கம்போங் மேடானில் நாம் கண்ட அதே நோய். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தபோது அவர்களுடைய கவசம், வாற்கோதுமைக்கு ஈடாக ஒரு யூதரிடம் இருந்தது என்பதை நாம் அறிவோம். கொள்வினை கொடுப்பினைக்கு யூதர் என்பது தடையாகவில்லை.

ஆகவே இரண்டு காரியங்கள் நம்மால் ஆகக்கூடியவை. கைப்பேசியில் வரும் பழிச் செய்தியை, சிட்டை பாராமல் அடுத்தவருக்கு அனுப்பாதிருப்பது ஒன்று. மருத்துவமும் கணக்கியலும் பயில்வோருக்கு மனமுவந்து உதவும் நாம், வரலாறும் சமூகவியலும் பயில விரும்பும் பிள்ளைக்கும் கைகொடுப்பது மற்றொன்று. நாளை நம்மைப் பற்றிப் பொய்க்கணக்கு எழுதப்பட்டால், அதைப் பிரித்துப் படித்துப் பிழை காட்ட நம்மிடம் ஆள் வேண்டும். பிறரைப் பற்றிய பொய்க்கணக்கையும் அதே நேர்மையோடு அவர் திருத்தினால்தான், அவர் சொல்லும் கணக்கை உலகம் ஏற்கும்.