யாருடைய தேவை?

"தேவையே கண்டுபிடிப்பின் தாய்" என்று கரும்பலகையிலே எழுதிவிட்டுத் திரும்பினேன். எழுந்தான் ஒரு மாணவன். "ஐயா, 2023-இல் நிலவின் தென்முனை அருகே கலத்தை இறக்கினோமே, சாக்கடைக் குழியில் இறக்க மட்டும் ஏன் இன்னும் மனிதன்?" என்றான். நாவெழவில்லை எனக்கு. பாட நூலிலே அதற்கு விடையில்லை.

தேவை என்கிறோமே, யாருடைய தேவை?

இங்கிலாந்திலே, செல்வர் மாளிகைகளின் புகைபோக்கிக்குள் ஏழைச் சிறுவர்களை ஏற்றிக் கரி துடைத்தனர் ஒரு காலத்தில். ஆறேழு வயதுப் பாலகர்கள்! மூச்சு முட்டி மாண்டவர் உண்டு. பிழைத்து வளர்ந்தபின் கரியால் வந்த புற்றுநோய்க்குப் பலியானவரும் உண்டு. 1803-இல் இலண்டனில் இரக்கமுள்ளோர் கழகம் அமைத்தனர். சிறுவனுக்கு மாற்றாகக் கருவி செய்வோர்க்குப் பரிசு என்றனர். ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர் குழல்களைக் கயிற்றிலே கோத்து, நுனியிலே துடைப்பம் பொருத்திக் கருவி படைத்தார்.

கொடுமை ஒழிந்ததா? இல்லை, தோழர்களே! "எங்கள் புகைபோக்கி வளைந்து செல்வது, கருவி நுழையாது" என்றனர் மாளிகைவாசிகள். வளைந்திருந்தது புகைபோக்கி மட்டுந்தானா? பிரபுக்கள் சபை மசோதாக்களைத் தள்ளிற்று. 1840-இல் வந்த சட்டமோ ஏட்டிலே உறங்கிற்று. 1875-இல் ஜார்ஜ் புரூஸ்டர் என்னும் சிறுவன் புகைபோக்கியில் சிக்கி இறந்தான். ஷாப்ட்ஸ்பரி பிரபு வாதாடினார். காவல்துறையின் உரிமம் இன்றி அத்தொழில் செய்யலாகாது என்ற சட்டம் பிறந்தது. எழுபத்திரண்டு ஆண்டுகள் காத்துக் கிடந்தது, கருவி!

இங்கே நமக்குச் சாதி என்னும் கூடுதல் கயிறு. மலமள்ளும் கொடுமையைத் தடுக்க 1993-இல் சட்டம் வந்தது, நடக்கவில்லை. 2003-இல் சஃபாய் கரம்சாரி அந்தோலன் உச்சநீதிமன்றம் ஏறிற்று. சாக்கடையில் மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் தருக என்று 2014-இல் தீர்ப்பு. சாவு மலிவாக இருந்தவரை இயந்திரம் விலை மிகுந்ததாகவே தோன்றியது, ஆள்வோர்க்கு!

2015-இல் கோழிக்கோட்டில் குழியில் இறங்கிய இரு தொழிலாளரும், காப்பாற்றப் பாய்ந்த ஆட்டோ ஓட்டுநர் நௌஷாதும் மாண்டனர். அது கேரளத்துப் பொறியியல் இளைஞர் சிலர் உள்ளத்தைத் தைத்தது. 2018-இல் திருவனந்தபுரத்தில் 'பாண்டிகூட்' இறங்கிற்று: இருளில் பார்க்கக் காமிரா, நச்சுக் காற்றை அறியும் உணரி, கழிவை அள்ள இயந்திரக் கை. அவர்கள் அறிவை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நிலவுக்குக் கலம் செய்த நாட்டுக்கு இது எட்டாத வித்தையா?

சாவுகள் நிற்கவில்லை. 2023-இல் அதே நீதிமன்றம் தொகையை முப்பது இலட்சமாக்க வேண்டியிருந்தது.

நாளை அந்த மாணவனுக்கு இதைத்தான் சொல்லப் போகிறேன். கரும்பலகையில் அந்த வரியை இன்னும் அழிக்கவில்லை.