வாங்கிக்கொள்வது

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். பட்டு நெசவாளி. போன மாசியில் ஒரு நாள் அவரைப் பார்க்கப் போனபோது, சட்டைப் பையிலிருந்து ஒரு செக்கை எடுத்துக் காட்டினார்.

"அண்ணன் அனுப்பியிருக்கான் சார், சேலத்திலேருந்து. இருபத்திரண்டு வருஷம் கழிச்சு."

கதை எனக்குத் தெரியும். தகப்பனார் இறந்த மூன்றாம் மாதம், ஏதோ கடன் பத்திரம் என்று சொல்லித் தாயாரிடமும் தம்பியிடமும் கையெழுத்து வாங்கி, வீட்டையும் நாலு தறியையும் விற்றுவிட்டு ஊரை விட்டுப் போனவர் அண்ணன். தாயார் வாடகை வீட்டில் உயிரை விட்டாள். இப்போது அவர் நன்றாக இருக்கிறார். பாகத்தைக் கணக்குப் போட்டு, வட்டியும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். கூடவே ஒரு வேண்டுகோள்: 'கணக்குத் தீர்ந்தது, மனஸ்தாபம் இல்லை என்று ஒரு வரி எழுதிப் போடு.'

"வாங்கினா அம்மாவை வித்த மாதிரி. வாங்காட்டி அவனுக்குத்தானே லாபம்? நீங்க நாலு எழுதறவரு, சொல்லுங்க."

நாலு எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்! சட்டென்று பதில் வரவில்லை. "காற்றாடக் கைலாசநாதர் கோயில் வரைக்கும் நடந்துவிட்டு வருவோம்" என்றேன்.

அந்தக் கோயிலில் ஒரு தூண் இருக்கிறது. தமிழ்நாட்டின் நடு மார்பில், பல்லவனுடைய கோயிலில், கன்னடத்தில் ஒரு கல்வெட்டு. வெட்டுவித்தவன் சளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன். 642-ல் நரசிம்மவர்மன் வாதாபியை அழித்தான். அந்த வெற்றியைப் படித்துப் புல்லரித்தவர்கள் நாம், எனக்கும் புல்லரித்ததுண்டு. எரிந்தது யாருடைய வீடு என்று பதினாறு வயதில் எவனும் கேட்பதில்லை. அப்போது வாதாபியை ஆண்ட புலிகேசியின் எள்ளுப் பேரன்தான் இந்த விக்கிரமாதித்தன். 733-க்கும் 744-க்கும் இடைப்பட்ட தன் ஆட்சிக் காலத்தில் அவன் காஞ்சிக்குள் நுழைந்தான். நகரம் அவன் காலடியில் கிடந்தது. நூறு வருஷத்து வஞ்சம் கையில் இருந்தது. அவனோ ஊரை அழிக்கவில்லை. கோயிலின் செல்வத்தைப் பார்த்தான். அதை எடுத்துக்கொள்ளாமல் தெய்வத்துக்கே திருப்பிக் கொடுத்தான். ஏழைகளுக்கும் அநாதைகளுக்கும் தானம் செய்தான் என்று அவன் மகன் கீர்த்திவர்மனின் கேந்தூர்ச் செப்பேடு சொல்லுகிறது. இந்த எழுத்தையும் தர்மத்தையும் அழிப்பவன், இவ்வூர்ச் சபையாரைக் கொன்றவன் போகும் உலகத்துக்குப் போவான் என்று தூணில் ஒரு சாபமும் இருக்கிறது. சபிக்கும்போதுகூடக் காஞ்சியின் சபையாரைக் கொல்வதையே பெரும்பாவமாக நினைத்திருக்கிறான், பாருங்கள்.

அழகான செய்திதான். ஆனால் எனக்கு இதில் ஒரு குறை. பேசுகிறவன் கொடுத்தவன் மட்டும். வாங்கிக்கொண்ட காஞ்சி என்ன நினைத்தது? அடி வாங்கிய நகரத்து வீடுகளில் அன்றிரவு என்ன பேசிக்கொண்டார்கள்? தூணில் அதற்கு இடமில்லை. காஞ்சியை வென்றதன் ஞாபகமாக அவனுடைய பட்டத்தரசி லோகமாதேவி பட்டடக்கல்லில் பெரிய கோயில் ஒன்று எழுப்பினாள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பொன் திரும்பியது, வெற்றி திரும்பவில்லை.

இன்னொன்றும் உண்டு. விக்கிரமாதித்தன் பழிவாங்கும் உரிமை தனக்கு உண்டென்று நினைத்திருக்கக்கூடியவன், பழிவாங்காமல் விட்டான். என் சிநேகிதரின் அண்ணன் கதை அப்படியல்ல. அநியாயம் செய்த கையே நீட்டுகிறது. அந்தக் கையிலிருந்து வாங்கலாமா என்று ஒரு தேசமே சென்ற நூற்றாண்டில் தன்னைத்தானே கேட்டுக்கொண்டது.

அறுபது லட்சம் யூதர்களை ஹிட்லரின் ஜெர்மனி கொன்றது. குடும்பச் சொத்துத் தகராறையோ, அரசர்களின் படையெடுப்பையோ அதன் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் கூசுகிறது. கேள்வி மட்டுந்தான் ஒன்று. போர் முடிந்து ஏழாவது வருஷம், 1952 ஜனவரியில், ஜெர்மனியிடம் நஷ்ட ஈடு கேட்டுப் பேசலாமா என்ற விவாதம் இஸ்ரேல் பாராளுமன்றத்துக்கு வந்தது. வெளியே பெருங்கூட்டம். இரத்தத்துக்கு விலையா என்று மெனாஹெம் பெகின் குமுறினார். ஜன்னல் கண்ணாடிகள் கல்லடியில் உடைந்தன. கொன்றவர்களே வாரிசுகளாகவும் ஆகிவிடக் கூடாது என்பது பிரதம மந்திரி பென்குரியனின் வாதம். 61 பேர் 'பேசலாம்' என்றார்கள். 50 பேர் 'கூடாது' என்றார்கள். அந்த ஐம்பது பேரும் தவறு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

அதே வருஷம் செப்டம்பர் 10-ந் தேதி லக்ஸம்பர்க் நகரில் அடினவரும் மோஷே ஷாரெட்டும் கையெழுத்திட்டார்கள். இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க், பெரும்பாலும் சாமான்களாக. ஜெர்மனியிலும் இது சுலபமாக நடந்துவிடவில்லை. மறு வருஷம் மார்ச்சில் அவர்கள் பாராளுமன்றத்தில் 239 பேர் ஆதரித்தபோது, 35 பேர் எதிர்த்தார்கள். 86 பேர் எந்தப் பக்கமும் சேராமல் இருந்துவிட்டார்கள்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது அந்தப் பணத்தின் பெயர். ஜெர்மானியர் அதை 'வீடர்கூட்மாகுங்' என்றார்கள். கெட்டதை மறுபடி நல்லதாக்குவது என்று அர்த்தம். இஸ்ரேலியரோ அந்தச் சொல்லை வாயில் வைக்கவில்லை. தங்கள் பழைய மொழியிலிருந்து 'ஷிலுமிம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். வெறும் செலுத்துதல். மன்னிப்பின் வாசனையே அதில் இல்லை. பணம் ஒன்று, கொடுத்தவன் வைத்த பெயர் ஒன்று, வாங்கினவன் வைத்த பெயர் வேறு.

பேச்சு அதற்குப் பிறகும் மெல்லத்தான் வந்தது. 1960-ல் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் இரண்டு கிழவர்கள், அடினவரும் பென்குரியனும், முதல் தடவையாகச் சந்தித்தார்கள். 1965-ல் தூதர்கள் பரிமாற்றம். முதல் ஜெர்மன் தூதர் ரோல்ஃப் பௌல்ஸ், போரில் ஒரு கையை இழந்த ராணுவ அதிகாரி. அவருடைய காரின் மேல் கற்கள் விழுந்தன. 2000-ல் ஜனாதிபதி யொஹானஸ் ராவ் அதே பாராளுமன்றத்தில் நின்று மன்னிப்புக் கேட்டார், ஜெர்மன் மொழியில். முகாம்களில் கட்டளையாகக் காதில் விழுந்த மொழி அது. அதைக் கேட்கச் சகிக்காமல் சில உறுப்பினர்கள் சபைக்கு வரவில்லை. வந்தவர்கள் கேட்டார்கள். இரண்டையும் நான் மதிக்கிறேன்.

அந்த இருவர் பேச்சில் பாலஸ்தீனியர் என்ற மூன்றாமவருக்கு நாற்காலி போடப்படவில்லை. 2023-ல் ஹமாஸின் கொடிய தாக்குதலும், அதன்பின் காஸாவில் விழுந்த பிணங்களும் ஜெர்மானியரைத் திணற வைத்தன. கடன்பட்டவன் கடன் கொடுத்தவனைக் கண்டிக்கலாமா? கண்டிக்கலாம் என்றே எனக்குப் படுகிறது. பட்ட கடன் மனித உயிருக்கு என்றால், எந்த உயிருக்காகவும் வாய் திறக்கத்தானே வேண்டும்?

தூணடியில் உட்கார்ந்து இதில் பாதியைத்தான் சிநேகிதரிடம் சொன்னேன். அவர் இரண்டு சொற்களையும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார்.

"செக்கை வாங்கிக்கொள்ளுங்கள்" என்றேன். "அது உங்கள் பாகம். அந்த ஒரு வரியை மட்டும் எழுதாதீர்கள். அது அம்மாவின் பாகம். அதைக் கொடுக்க உங்களுக்கு அதிகாரமில்லை."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சின்ன வயசில நான் உடல் நெய்வேன், அவன் அந்தப் பக்கம் உட்கார்ந்து கரைக்கு நாடா போடுவான். கோர்வைக்கு ரெண்டு பேர் வேணுமே சார்" என்றார். அது எனக்குச் சொன்ன பதிலா என்று தெரியவில்லை.

பங்குனியில் மறுபடி பார்த்தேன். செக்கைப் பாங்கியில் போட்டுவிட்டாராம். அண்ணனுக்கு ஒரு கார்டு எழுதினாராம்.

"என்ன எழுதினீர்கள்?"

"பணம் வந்து சேர்ந்ததுன்னு எழுதினேன். கார்டில இடம் மிச்சம் இருந்தது. இப்ப ரெண்டு தறி ஓடுதுன்னும் எழுதினேன்."