பற்றும் மெய்யும்

பெற்றோர் பள்ளியில் கோள்கள் ஒன்பது என்று படித்தனர். பிள்ளைகள் எட்டு என்று படிக்கின்றனர். வீட்டுப்பாடம் எழுதும் மகளைப் பார்த்து, ‘புளூட்டோவை விட்டுவிட்டாயே’ என்று தந்தை திருத்த முனைவதும், மகள் தந்தையையே திருத்திவிடுவதும் பல இல்லங்களில் நிகழ்ந்திருக்கும். சிறிய நிகழ்ச்சிதான்; ஆயினும் அதனுள் பெரியதொரு வினா அடங்கியுள்ளது. நாம் விரும்பி ஏற்ற ஒன்று பிழையெனத் தெரியவரும்போது, அதனைக் கைவிடுதல் இழிவா, உயர்வா?

புளூட்டோவின் வரலாறே இவ்வினாவுக்கு நல்ல விளக்கம் எனலாம். யுரேனசின் இயக்கத்தில் காணப்பட்ட சிறு முரண்பாடுகளுக்கு, நெப்டியூனுக்கு அப்பாலுள்ள பெருங்கோள் ஒன்றே காரணம் என்று பெர்சிவல் லோவல் என்னும் அமெரிக்க வானியல் அறிஞர் கருதினார். அதனைத் தேடியவாறே 1916-இல் மறைந்தார். அரிசோனாவில் அவர் நிறுவிய ஆய்வகத்தில், அதுவரை கல்லூரியில் பயிலாத உழவர் மகன் ஒருவர் அத்தேடலைத் தொடர்ந்தார். அவரே கிளைடு டோம்பா. வெவ்வேறு இரவுகளில் எடுத்த இரு ஒளிப்படத் தகடுகளை மாறி மாறி நோக்கி, எண்ணற்ற விண்மீன்களிடையே இடம் பெயர்ந்த ஒரு புள்ளியைக் கண்டுபிடிப்பதே அவர் பணி. 1930 பிப்ரவரி 18 அன்று, தம் 24-ஆம் வயதில், அப்புள்ளியைக் கண்டார். உலகம் அதனை ஒன்பதாம் கோள் என்று போற்றியது.

போற்றப்பட்ட கோளோ நாளடைவில் சிறுத்துக்கொண்டே வந்தது. மாறியது புளூட்டோ அன்று, நம் கணக்கு. புவியளவு நிறையுடையது என்று தொடக்கத்தில் மதிப்பிட்டனர். 1978-இல் சாரோன் என்னும் அதன் துணைக்கோள் அறியப்பட்டபின், புவியின் நிறையில் ஆயிரத்தில் இரண்டு பங்கே அது எனத் தெளிந்தது. 1989-இல் வாயேஜர் 2 விண்கலம் நெப்டியூனை அணுகி, அதன் நிறையைச் செம்மையாக அளக்க உதவியது. அவ்வளவைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டபோது, யுரேனசின் முரண்பாடுகள் மறைந்தன. லோவல் எண்ணிய பெருங்கோளுக்குத் தேவையே இல்லாமற் போயிற்று. பிழையான கணக்கு காட்டிய வழியில் சென்ற டோம்பா, நேர்மையான உழைப்பால் உண்மையான ஒன்றைக் கண்டார் என்பதே இதில் வியப்பு.

1992-இல் டேவிட் ஜூவிட்டும், வியட்நாமிலிருந்து அகதியாக அமெரிக்கா புகுந்த ஜேன் லூவும், ஐந்தாண்டுத் தேடலுக்குப் பின், நெப்டியூனுக்கு அப்பால் வேறொரு பனிப்பொருளைக் கண்டனர். இன்று அத்தகையவை ஆயிரக்கணக்கில் அறியப்பட்டுள்ளன. கைப்பர் பட்டை எனப்படும் அப்பெருங்கூட்டத்தில் புளூட்டோவும் ஓர் உறுப்பினரே என்பது புலனாயிற்று.

இந்நிலையில் 2005-இல் மைக் பிரவுனும் அவர்தம் துணைவரும் எரிஸைக் கண்டறிந்ததாக அறிவித்தனர். அது புளூட்டோவினும் பெரியது என அன்று கருதப்பட்டது. புளூட்டோ கோள் என்றால் எரிஸ் பத்தாம் கோள். பிரவுனோ கோள் கண்டவர் என்னும் அரும்புகழுக்கு உரியவர். 2006 ஆகஸ்டில் பிராகா நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் முன் வைக்கப்பட்ட முதல் வரைவும் எரிஸுக்குக் கோள் என்னும் தகுதியை அளித்தது. இறுதி முடிவோ வேறாயிற்று. தன் பாதையின் சுற்றுப்புறத்தில் தானே மேலோங்கி நில்லாதது கோளாகாது என்று 24-ஆம் நாள் முடிவாயிற்று. புளூட்டோவும் எரிஸும் குறுங்கோள்கள் ஆயின. புகழை இழந்த பிரவுன், அம்முடிவே சரியென்று வெளிப்படையாக ஏற்றார்.

இறைவன் பாடலிலும் குற்றம் கண்ட நக்கீரரின் கதையை நாம் பெருமையுடன் சொல்கிறோம். பிறர் குற்றத்தை அஞ்சாது உரைப்பது வீரம். தன் ஆக்கத்தின் மதிப்பைத் தானே குறைத்துக் கூறுவது அதனினும் அரிது. அங்கே எதிரில் நிற்பது தன் நெஞ்சே அன்றோ!

பற்று வேறு வகையில் பேசும். டோம்பா நெடுங்காலம் வாழ்ந்த நியூ மெக்சிகோ மாநிலத்தின் சட்டமன்றம், தம் வானில் புளூட்டோ கோளே என்று 2007-இல் தீர்மானம் செய்தது. அன்பினால் செய்தது, அதனை எள்ளுதல் வேண்டா. ஆயினும் அன்பு சான்றாகாது. ஆலன் ஸ்டெர்ன் போன்ற அறிஞர் புதிய வரையறையைக் காரணம் காட்டி மறுப்பது வேறு. காரணத்தோடு மறுப்பவர், மேலும் சிறந்த காரணம் வந்தால் ஏற்கவும் ஆயத்தமாயிருப்பர். பற்றினால் மறுப்பவர்க்கு அந்த வாயில் அடைபட்டுவிடுகிறது.

பெயர் மாறியதால் புளூட்டோ இழந்தது யாது? 2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அதனை நெருங்கிச் சென்றபோது, நைட்ரஜன் பனி உறைந்த பரந்த சமவெளியும், 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த நீர்ப்பனி மலைகளும் அங்கே காட்சியளித்தன. 1997-இல் மறைந்த டோம்பாவின் சாம்பலில் சிறிதளவும் அக்கலத்தில் இருந்தது. தாம் புள்ளியாகக் கண்ட உலகின் அருகே அவர் சென்றுவிட்டார். புளூட்டோவைக் கோளென்று சொன்னாலும் குறுங்கோளென்று சொன்னாலும் அவர் கண்டது கண்டதே.

பிறந்த மண்ணை விட்டு வந்த நாம், கற்றவற்றையும் கேட்டவற்றையும் பற்றோடு காத்துப் பிள்ளைகளுக்குத் தருகிறோம். அவற்றுள் சில பிழைபட்டிருக்கலாம். ‘நான் படித்தது அப்படி, இன்று தெளிந்தது இப்படி’ என்று சொல்லும் தந்தை மகளின் கண்ணில் தாழ்வதில்லை. கோள்களின் எண்ணிக்கையை அவள் ஒருநாள் மறக்கலாம்; தந்தை தம் பிழையை ஒப்பிய அந்த மாலைப்பொழுதை மறக்கமாட்டாள்.